சிற்றூர்ப் பட்டறைக்கு ஏற்ற இரும்பு வெட்டும் கருவிகள்

நெல்லும் காய்கறியும் விளைவிக்கும் கமக்காரருக்கு இரும்பு வெட்டும் கருவிகளைப் பற்றி ஒரு பிரசுரம் எதற்கு என்று சிலர் வினவக்கூடும். மரக்கலப்பையும் உழவு மாடும் மட்டுமே இருந்த காலத்தில் அவ்வினா பொருந்தியிருக்கும். இன்றோ சேற்றுழவு முதற் சூடடிப்பு ஈறாக இரும்பின்றி நடைபெறும் வேலை யாதுமில்லை. அவ்விரும்பு உடையும் நாளில், அதனை வெட்டிப் பொருத்தித் தரக்கூடிய பட்டறை எத்துணை தூரத்தில் உள்ளது என்பதைப் பொறுத்தே அப்போகத்தின் விளைவு அமைகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு சிறுபோகத்திலே, இரணைமடுக் குளத்து நீர் பாயும் வயற்பகுதியொன்றில் நான் கண்டதை இங்கு கூறுகின்றேன். ஒரு கமக்காரருக்கு நீர்முறை கிடைத்தது இரண்டு நாட்களுக்கு மாத்திரமே. முதல் நாள் நண்பகலில், லான்ட்மாஸ்டர் என்று நாம் வழங்கும் இருசில்லு உழவியந்திரத்தின் இரும்புச் சில்லிலே நான்கு குறுக்குப் பட்டைகள் முறிந்துபோயின. ஊரிலே அவற்றை வெட்டி ஒட்டுவார் இல்லை. பட்டணத்துப் பட்டறையில் வேலை குவிந்திருந்தமையால் மூன்றாம் நாள் மாலையிலேதான் சில்லு திரும்பி வந்தது. அதற்குள் நீர் அடுத்தவர் வயலுக்குச் சென்றுவிட்டது. உழுத சேறு இறுகிவிட்டது. அவ்வயலிற் பாதி அப்போகம் விதைபடாமலே கிடந்தது. அன்று வெட்டப்பட வேண்டியிருந்தவை நான்கு சாண் நீளமுள்ள பட்டை இரும்புத் துண்டுகள் மட்டுமே. வெட்டவும் ஒட்டவும் ஒரு மணி நேரம் போதும்.

ஊருக்கு ஒரு சிறு பட்டறை வேண்டும் என்று நாம் கூறுவது இதனாலேயாகும். ஆனால் பட்டறை வேண்டும் என்பது வேறு. அதற்கு எந்தப் பொறியை வாங்குவது என்பது வேறு. இதிற் பிழை விட்டால் நேரும் நட்டம் பெரிது. மேலே கூறிய நிகழ்ச்சிக்குப் பின், அவ்வூர் இளைஞர் ஒருவர் தம் தந்தையார் இரண்டு பசுக்களை விற்றுக் கொடுத்த பணத்தோடு கடனும் பெற்று, ஒரு பிளாஸ்மா வெட்டுப்பொறியையும் காற்றமுக்கியையும் வாங்கினார். புதிய பொறி, எந்த உலோகத்தையும் வெட்டும் என்று கேள்வியுற்று, அவரை ஊக்கியவர்களுள் நானும் ஒருவன். அவருடைய வீட்டுக்கு வரும் மின்சாரம் அதனைத் தாங்குமா என்று நான் கேட்கவில்லை. மாலை நேரத்தில் ஊரெங்கும் விளக்குகள் எரியும்போது பொறி நின்று நின்று போயிற்று. ஓராண்டுக்குள் அது சாக்கினால் மூடப்பட்டு மூலையிற் கிடந்தது. கடன் மட்டும் மூடப்படாதிருந்தது. அப்பிழை மீண்டும் நேராதிருக்க வேண்டும் என்பதே இப்பிரசுரத்தின் நோக்கம்.

வேலையை முதலில் அறிக

கருவியைத் தெரிவதற்கு முன் வேலையைத் தெரிதல் வேண்டும். ஒரு போகம் முழுவதும் உங்கள் ஊரில் என்னென்ன இரும்பு வேலைகள் நேர்ந்தன என்பதை ஓர் அப்பியாசக் கொப்பியிலே எழுதி வாருங்கள். பொதுவாக அவை நான்கு வகையுள் அடங்கும்.

முதலாவது, பட்டை இரும்பும் கோண இரும்பும். இரும்புச் சில்லின் குறுக்குப் பட்டைகள், பெட்டியின் சட்டம், நீர்த்தாங்கியின் தாங்குகால் ஆகியவை இவ்வகையின. தடிப்பு பெரும்பாலும் 3 முதல் 6 மில்லிமீற்றர்.

இரண்டாவது, குழாய்களும் பொக்ஸ் பார் எனப்படும் சதுரக் குழாய்களும். நாற்றுமேடைப் பந்தல், படலை, நீரிறைக்கும் பம்பியின் உறிஞ்சு குழாய் ஆகியவற்றுக்கு இவை வேண்டும். சுவர் மெல்லியது, 1 முதல் 3 மில்லிமீற்றர்.

மூன்றாவது, மெல்லிய தகடு. சுழல் களைகருவியின் மிதவை, தானியக் கொள்கலம் முதலியவற்றுக்கு உரியது.

நான்காவது, தடித்த தகடும் கடினமான உருக்கும். வாய்க்கால் மதகின் கதவும், பாரவூர்தி வில்லுத் தகட்டிலிருந்து செய்யப்படும் கொழுவும் இவ்வகையைச் சார்ந்தன.

சிற்றூர்ப் பட்டறையொன்றிலே முதல் இரண்டு வகைகளே மிகுதியாக வரும். நான்காம் வகை அருமையாகவே வரும். அருமையாக வரும் வேலைக்கென்று விலைமிக்க பொறியை வாங்குதல், ஆண்டுக்கொரு முறை வரும் விருந்தினருக்காக வீட்டில் இன்னோர் அறை கட்டுவதை ஒக்கும்.

இரும்பறுக்கும் கைவாள்

மின்சாரமற்ற இடத்திலும் மழையிலும் வயல் வரம்பிலும் வேலை செய்யவல்ல கருவி இதுவே. இதனை அற்பமென்று எண்ணுவோர் பெரும்பாலும் தவறான அலகைப் பூட்டியவராவர். வாளின் அலகு பொதுவாக 12 அங்குல நீளமுடையது. ஓர் அங்குலத்துக்கு எத்தனை பற்கள் என்பது அதிற் பொறிக்கப்பட்டிருக்கும். தடித்த மென்னுருக்குக்கு 18 பற்களும், கோண இரும்புக்கும் சாதாரணக் குழாய்க்கும் 24 பற்களும், மெல்லிய தகட்டுக்கும் மெல்லிய குழாய்க்கும் 32 பற்களும் ஏற்றன.

இதற்குரிய விதி எளிது: வெட்டப்படும் தடிப்பின்மீது எந்நேரமும் மூன்று பற்களாவது படிந்திருத்தல் வேண்டும். மெல்லிய குழாயைப் பெரும் பல்லாலே அறுத்தால் பல் மாட்டி ஒடியும். பற்கள் கைப்பிடிக்கு எதிர்ப்புறமாக, அதாவது முன்னோக்கிப் பார்க்கும்படி அலகைப் பூட்டுக. முன்னே தள்ளும்போது அழுத்தி, பின்னே இழுக்கும்போது தளர்த்துக. நிமிடத்துக்கு 40 முதல் 60 தள்ளல்களே போதும்; அதனினும் விரைந்தால் அலகு சூடேறி மழுங்கும்.

வாளினும் முக்கியமானது இரும்பைப் பிடிக்கும் வைஸ். கனமான மேசையிலே இறுகப் பொருத்தப்பட்ட நல்ல வைஸ் இல்லாத பட்டறையில் எந்த வாளும் நேராக வெட்டாது. எனவே பட்டறை தொடங்குவோர் முதற் பணத்தை இதற்கே செலவிடுக.

கைக்கிறைண்டர்

சிறு பட்டறையின் வலக்கை என்று இதனைக் கூறலாம். வெட்டும் வட்டைப் பூட்டினால் வெட்டும்; தேய்க்கும் வட்டைப் பூட்டினால் ஒட்டிய இடத்தைச் சமன்செய்யும். வாளுக்கு இடங்கொடாத வில்லுத் தகட்டையும் இது வெட்டிவிடும். வட்டின் விட்டத்தைக் கொண்டு 100, 115, 125, 180, 230 மில்லிமீற்றர் எனப் பல அளவுகள் கடைகளில் உள்ளன. தொடங்குவோருக்கு 100 அல்லது 125 மில்லிமீற்றர்ப் பொறி போதுமானது. 230 மில்லிமீற்றர்ப் பொறி கனமும் வலுவும் மிக்கது; பழகாத கையிற் கொடுக்கத்தக்கதன்று.

இப்பொறியின் வேகத்தைக் கமக்காரர் மனத்திற் கொள்ளல் வேண்டும். நிமிடத்துக்கு 11,000 முறை சுழலும் சிறு பொறியிலே, 100 மில்லிமீற்றர் வட்டின் விளிம்பு செக்கனுக்கு 57 மீற்றருக்கு மேல் ஓடுகின்றது. அஃதாவது மணிக்கு 200 கிலோமீற்றருக்கு மேலாகும். வெட்டு வட்டுகள் பெரும்பாலும் செக்கனுக்கு 80 மீற்றர் என்னும் எல்லைக்கே செய்யப்பட்டவை. காப்புமூடியைக் கழற்றிவிட்டு 180 மில்லிமீற்றர் வட்டை இச்சிறு பொறியிலே பூட்டுவோர் உளர். அப்போது விளிம்பின் வேகம் 100 மீற்றரைக் கடக்கின்றது, வட்டு சிதறுகின்றது. இவ்வாறு சிதறிய துண்டினால் ஒரு கண்ணை இழந்த கமக்காரர் ஒருவரை நான் அறிவேன். அவர் வெட்டிக்கொண்டிருந்தது தம் வீட்டுப் படலையின் ஒரு கம்பியை.

ஆகவே பின்வருவனவற்றை மறவாதிருக்க: காப்புமூடியை ஒருபோதும் கழற்றாதீர். வட்டிலே எழுதப்பட்ட வேகம் பொறியின் வேகத்திலும் குறைவாக இருத்தலாகாது. வெட்டு வட்டின் பக்கத்தாலே தேய்த்தலாகாது. மரம் அறுக்கும் பல்வட்டை இப்பொறியில் ஒருநாளும் பூட்டலாகாது. வட்டின் நடு வளையத்திலே காலாவதித் திகதி பொறிக்கப்பட்டிருக்கும். அது கடந்தவற்றையும் நனைந்தவற்றையும் எறிந்துவிடுக.

மேசை வெட்டுப்பொறி

கட்-ஓஃப் மெசின் எனப்படும் இதில் 355 மில்லிமீற்றர், அதாவது 14 அங்குல வட்டு பூட்டப்படும். பொறி சுமார் 2,000 வாற்று வலுவுடையது. கோண இரும்பையும் குழாயையும் ஒரே அளவான பல துண்டுகளாக விரைந்து வெட்டுவதற்கு இது சிறந்தது. 45 பாகைச் சரிவிலும் வெட்டலாம். விலையும் ஓரளவு தாங்கத்தக்கது. நாள்தோறும் பல துண்டுகள் வெட்டும் நிலை வந்தபின் இதனை வாங்குதல் தகும்.

இதன் குறைகளும் அறியப்பட வேண்டும். இரைச்சல் மிகுதி. தீப்பொறி பல யார் தூரம் பாயும். வெட்டிய இடம் சூடேறிப் பிசிறு படியும்; அதனைப் பின்னர் தேய்த்தகற்ற வேண்டும். வட்டு தேயத்தேய அதன் விட்டம் குறைவதால் வெட்டும் ஆழமும் குறையும்.

இதே தோற்றமுடைய இன்னொரு பொறியிலே கடின உலோகப் பற்கள் பதித்த வட்டு ஓடும். அது நிமிடத்துக்குச் சுமார் 1,300 முதல் 1,500 சுற்றுகளே சுழல்வது. வெட்டு துப்புரவாகவும் சூடின்றியும் அமையும். ஆயினும் பல்வட்டின் விலை அதிகம். கவனக்குறைவால் ஒரு பல் உதிர்ந்தாலும் நட்டமாகும். அப்பல்வட்டை விரைவாகச் சுழலும் சாதாரண மேசை வெட்டுப்பொறியிலே பூட்டுதல் பேராபத்தாகும்.

பட்டைவாள் பொறி

முடிவில்லாத நாடாவைப் போன்ற வாளொன்று இரு சில்லுகளைச் சுற்றி ஓட, வாளின் தலை தன் பாரத்தாலே மெல்லக் கீழிறங்கி இரும்பை அறுக்கும் பொறி இது. சிறு பட்டறைக்குரிய பொறி 4½ அங்குல உருளையை வெட்டவல்லது. அரை அல்லது முக்காற் குதிரைவலு மோட்டரே இதற்குப் போதும். மின்சாரம் குறைந்த ஊர்களுக்கு இஃது ஒரு பெரும் நன்மை. தீப்பொறி இல்லை, இரைச்சல் குறைவு, வெட்டி முடிந்ததும் தானே நிற்கும். வாள் அறுத்துக்கொண்டிருக்கும்போது நீங்கள் அருகே நின்று அடுத்த வேலையை ஒட்டிக்கொண்டிருக்கலாம்.

வேகம் குறைவு என்பதே இதன்மேற் கூறப்படும் குறை. ஆனால் தனி ஒருவர் வேலை செய்யும் பட்டறையிலே, கையை விடுவிக்கும் பொறி மெதுவானதாயினும் விரைவானதே. கைவாளுக்குக் கூறிய மூன்று பல் விதி இதற்கும் பொருந்தும். வாளின் இழுவிசை தளர்ந்தால் வெட்டு கோணும். தகடு வெட்டுவதற்கு இது பயன்படாது.

கத்தரிப்பொறி, வாயு, பிளாஸ்மா

நீண்ட நெம்புகோலாலே இயங்கும் கைக் கத்தரிப்பொறி பட்டை இரும்பையும் தகட்டையும் மின்சாரமின்றி, தூளின்றி, ஒரே அழுத்தலில் வெட்டும். நான்கு அல்லது ஐந்து மில்லிமீற்றர்வரை வெட்டும் பொறி ஒன்று பல ஆண்டு உழைக்கும். குழாயை இதில் வைத்தால் நசுங்கும் என்பதை நினைவிற் கொள்க.

தடித்த தகட்டுக்கு ஒட்சிசனும் அசற்றிலீனும் கொண்ட வாயுச் சுவாலை உகந்தது. இரும்பு ஏறக்குறைய 900 பாகை சதமளவு சூடேறிச் செந்நிறமடைந்ததும், அதன்மேற் பாயும் ஒட்சிசன் தாரை இரும்பையே எரித்து வெட்டுகின்றது. இதனாலேயே அலுமினியத்தையும் கறையில் உருக்கையும் இம்முறையால் வெட்ட இயலாது. வார்ப்பிரும்பும் செவ்வையாக வெட்டுப்படாது. மின்சாரம் வேண்டாமை இதன் சிறப்பு. ஆனால் உருளைகளை நிரப்ப எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்பதை முன்னரே விசாரித்தறிக. அசற்றிலீன் உருளை எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். ஒட்சிசன் உருளையின் வாயிலே எண்ணெயோ கிறீசோ படலாகாது. பட்டால் தானே தீப்பற்றும். சுவாலை பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் கருவி இன்றி இவ்வேலையைத் தொடங்கலாகாது.

பிளாஸ்மாப் பொறி நல்ல பொறியே. மின் கடத்தும் எவ்வுலோகத்தையும் வெட்டும். 40 அம்பியர்ப் பொறி 10 மில்லிமீற்றர் உருக்குத் தகட்டை வெட்டவல்லது. ஆயினும் அதற்கு உறுதியான மின்சாரமும், ஈரமற்ற அமுக்கக் காற்றும், அடிக்கடி மாற்றவேண்டிய முனையுறுப்புகளும் தேவை. மாரிக்கால ஈரக் காற்றை வடித்து உலர்த்தாது செலுத்தினால் முனைகள் விரைவில் எரிந்தழியும். தகடு வேலை மிகுந்த பட்டணத்துப் பட்டறைக்கு இது பொருந்தும். வேலை பெருகிய பின்னரே சிற்றூருக்குப் பொருந்தும்.

மின்சாரத்தை அளந்து பொறியைத் தெரிக

நமது வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று ஒற்றை நிலை மின்சாரம். பெரும்பாலும் 30 அம்பியர் எல்லையுடையது. பொறியின் வாற்றை 230 ஆல் வகுத்தால் அது இழுக்கும் அம்பியர் ஏறக்குறையக் கிடைக்கும். 2,000 வாற்று மேசை வெட்டுப்பொறி சுமார் 9 அம்பியரும், முக்காற் குதிரைவலுப் பட்டைவாள் 3 முதல் 5 அம்பியரும் இழுக்கும். பிளாஸ்மாப் பொறியோ காற்றமுக்கியுடன் சேர்ந்து முழு வேலையில் வீட்டிணைப்பின் எல்லையை எட்டிவிடும்.

கம்பி வரிசையின் கடைசி வீட்டிலிருப்போர் இன்னொன்றும் செய்க. மின் வினைஞர் ஒருவரைக் கொண்டு மாலை ஏழு மணிக்கு வோல்ற்றளவை அளப்பித்துப் பாருங்கள். அது மிகத் தாழ்ந்திருப்பின் பெரிய பொறி எதனையும் வாங்குமுன் மின்சார அலுவலகத்தாரைக் கலந்தாலோசிப்பதே அறிவுடைமை. மெல்லிய நீட்டுக் கம்பியிற் பொறியை ஓட்டாதீர். சுருளாகக் கிடக்கும் கம்பியை முழுதும் விரித்த பின்னரே ஓட்டுக. மின்னொழுக்கைக் கண்டு துண்டிக்கும் 30 மில்லியம்பியர் ட்ரிப் சுவிட்ச் இல்லாத இடத்தில், ஈர நிலத்தில் நின்று வேலை செய்தலாகாது.

செலவைக் கணக்கிடும் முறை

பொறியின் விலை ஒரு முறை கொடுப்பது. வட்டின் விலையோ நாடோறும் கொடுப்பது. ஆகையாற் கடைக்காரரிடம் பொறியின் விலையை மட்டும் கேளாது, அதன் வட்டு, அலகு, கரித்தூரிகை ஆகியவை உங்களுக்கு அண்மையிலுள்ள பட்டணத்திற் கிடைக்குமா என்றும் கேட்டறிக. ஒரு வட்டு எத்தனை வெட்டுக்கு வந்தது என்று சுவரிற் கரியாற் கோடிட்டு வைத்தால், ஒரு வெட்டுக்கு ஆன செலவு தெரியும். கூலி சொல்லும்போது அது உதவும்.

வெட்டிலே போகும் இரும்பையும் கணக்கிடுக. 6 மீற்றர்க் கோண இரும்பில் 200 மில்லிமீற்றர்த் துண்டு முப்பது எடுக்கலாம் என்று பலர் எண்ணி ஒப்புக்கொள்வர். வட்டு ஒவ்வொரு வெட்டிலும் சுமார் 3 மில்லிமீற்றரைத் தூளாக்குவதால், இருபத்தொன்பது துண்டுகளே தேறும். இரண்டு இரும்புச் சில்லுகளுக்கு அளந்து வாங்கியவர், ஒரு துண்டுக்காக மீண்டும் கடைக்குச் செல்ல நேரும்.

பாதுகாப்பு

நமது பட்டறைகள் பெரும்பாலும் வீட்டு வளவிலேயே அமைவன. அருகே வைக்கோற்போர் இருக்கும், மண்ணெண்ணெயும் இருக்கும். தீப்பொறி பதினொரு மீற்றர்வரை சென்று பற்றக்கூடும். ஆகவே அத்தூரத்துக்குள் எரியத்தக்கது எதுவும் இருத்தலாகாது. வேலை முடிந்தபின் அரை மணி நேரம் அவ்விடத்தைக் கண்காணிக்க. வாளியில் நீரும் மணலும் அருகில் இருக்கட்டும்.

டீசல், எண்ணெய், கிருமிநாசினி இருந்த பீப்பாய்களை நீர்த்தொட்டியாக்கவென்று வெட்ட முயல்வோர் உளர். வெறும் பீப்பாயிலே தங்கும் ஆவி தீப்பொறி பட்டதும் வெடிக்கும். இதனை எக்காரணத்தாலும் செய்யாதீர்.

நாகம் பூசிய குழாயைச் சுவாலையால் வெட்டும்போது எழும் வெண்புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும். அதனை வாளால் அறுப்பதே நன்று. இயலாதெனிற் காற்றோட்டமுள்ள வெளியில் நின்று செய்க. கண்ணாடியும் முகக் காப்பும் அணிக. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டும், தோளிலே துவாயைப் போட்டுக்கொண்டும் சுழலும் பொறியின் அருகே செல்லாதீர். வெட்டப்படும் துண்டின் நுனி தடையின்றி விழும்படி இரும்பைத் தாங்கி வைக்க. இரு புறமும் தாங்கினால் நடுவில் வட்டு நெரிபட்டு உதைக்கும்.

எந்த ஒழுங்கில் வாங்குவது?

மேற்கூறியவற்றைத் தொகுத்து நோக்கின் ஒழுங்கு இவ்வாறு அமையும். முதலில் நல்ல வைஸ், கைவாள், அளவுகோல், மூலைமட்டம், கண் காப்பு. அடுத்து 100 அல்லது 125 மில்லிமீற்றர்க் கைக்கிறைண்டர். ஒரு போகம் இவற்றோடு வேலை செய்து, கொப்பியிலே வேலைகளை எழுதி வருக. கோண இரும்பும் குழாயும் மிகுந்து, தீப்பொறிக்கு இடவசதி இருந்தால் மேசை வெட்டுப்பொறி. தனியே வேலை செய்பவராயின், அல்லது வளவு நெருக்கமாயின் பட்டைவாள். பட்டையும் தகடும் மிகுந்தாற் கைக் கத்தரிப்பொறி. மதகுக் கதவு போன்ற தடித்த வேலைகளை அவை வரும்போது பட்டணத்திற் கொடுத்து வெட்டுவித்துக்கொள்க. வாயுவும் பிளாஸ்மாவும் கணக்குப் புத்தகம் கேட்கும்போது வரட்டும்.

கமக்காரர் அமைப்புகளும் கூட்டுறவுச் சங்கங்களும் இதனைக் கூட்டாகச் செய்யின் பாரம் இன்னும் குறையும். பொறியைப் பொதுவில் வாங்கினாலும், அதனை ஓட்டுபவர் பயின்ற ஒருவராகவே இருத்தல் வேண்டும்.

முன்னர்க் கூறிய இளைஞர் தம் பிளாஸ்மாப் பொறியைப் பட்டணத்துப் பட்டறையொன்றுக்குக் குறைந்த விலைக்கு விற்றார். வந்த பணத்தில் வைஸும் கிறைண்டரும் பழைய பட்டைவாள் ஒன்றும் வாங்கினார். கடன் முற்றாகத் தீர அவருக்கு மேலும் இரண்டு போகங்கள் சென்றன. சென்ற சிறுபோகத்தில் அவரிடம் போயிருந்தேன். பட்டைவாள் தானே அறுத்துக்கொண்டிருந்தது. அதே கமக்காரரின் இரும்புச் சில்லு, காலையிற் கொண்டுவரப்பட்டு, வாசலிலே திருத்தியபடி சாய்ந்து நின்றது. நண்பகலுக்கு முன் அது சேற்றுக்குத் திரும்பிவிட்டது. நீர்முறை இன்னும் ஒரு நாள் எஞ்சியிருந்தது.

கமக்காரர்களே, பொறி வாங்குமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், அனுபவமிக்க பட்டறைக்காரரையும் கண்டு பேசுக. வேலையை எழுதிய கொப்பியைக் கையோடு கொண்டு செல்லுக.